மூன்றாவது கிழங்கு

— கையில என்னடா அது?

— உப்புக்கா.

— போட்டுட்டியா?

— ஒரு சிட்டிகைதான். கை தானாப் போயிடுச்சு.

— ஆறு மாசக் குழந்தைக்கு உப்பா? நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே.

— பதினோரு வருஷமா கேன்டீன்ல முந்நூறு பேருக்கு ஆக்குற கை. சட்டியப் பாத்தா உப்பு போட்டுடும். விடு, இது குப்பைக்கு. இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு இருக்கு.

— மணி பதினொன்னரை, மாஸ்டர். ஒரு மணிக்கு நான் கிளம்பிடுவேன், பாத்துக்கோ.

— ஒரு நாள் பொறுக்கக் கூடாதாக்கா?

— எங்கிட்ட ஏன் கேக்குற? உன் பொண்டாட்டி காலையில என்ன சொல்லிட்டு டூட்டிக்குப் போனா? "அண்ணி, புட்டியத் தொட மாட்டேங்குறா, கஞ்சியத் துப்புறா. நான் வர்ற வரைக்கும் பட்டினி போட முடியாது. ஒரு மணிக்குள்ள ஒரு வாய் இறங்கலன்னா, என்னோட இந்த ராஜினாமா லெட்டர ஆபீஸ்ல குடுத்துடுங்க. என் கையால குடுக்க முடியாது."

— பன்னண்டு பெட்டி ரயில் ஓட்டுற கை அது.

— அந்தக் கைதான் லெட்டர்ல கையெழுத்துப் போட மூணு தடவ பேனாவ எடுத்து எடுத்துக் கீழ வச்சுது. நான் பாத்தேன்.

— நானும் பாத்தேன். குழந்தைய நீ மடியிலயே வச்சிரு. அடுத்த கிழங்கு வெந்துடுச்சு. மிக்ஸியில ஒரு சுத்து விட்டா வெண்ணெய்தான்.

— எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல. கிடார் வாங்கின, ஒரு மாசம். நீச்சல், நாலு நாள். நீ செய்ய ஆரம்பிச்ச மேஜைக்கு இன்னிக்கும் மூணு காலுதான்.

— இப்ப எதுக்கு அந்தக் கதை? இந்தா, எவ்வளவு நைசா இருக்கு பாரு.

— கரண்டியக் கவுத்துப் பாரு.

— இந்தா, கவுத்துட்டேன்.

— விழலையே மாஸ்டர்.

— நீ ஒரு வாய் வச்சுப் பாரேன்.

— அண்ணத்துல ஒட்டிக்குதுடா. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். இதக் குழந்தை வாயில வச்ச, அவ்வளவுதான்.

— இதுவும் குப்பைக்கு.

— பன்னண்டே கால். கைகழுவிட்டு வந்து உக்காரு. எல்லா ஆம்பளையும் இதெல்லாம் செய்யணும்னு சட்டமா இருக்கு?

— சும்மா இரு அக்கா, பேசாதே. யோசிக்கிறேன்.

— யோசி. கடைசிக் கிழங்கு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கு.

— அக்கா, கேன்டீன்ல சூப் தண்ணியா இருந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? ரெண்டு கிழங்க மிக்ஸியில போட்டு அடிச்சு ஊத்துவேன். பசையாயிடும், சூப் கெட்டியாயிடும். பசையாகணும்னுதான் மிக்ஸியில போடுறதே. மடையன், அதையே இங்கயும் செஞ்சிருக்கேன்.

— இப்ப?

— கத்தி படக் கூடாது. தோலோட ஆவியில வேகட்டும், தண்ணி குடிக்காது. அந்த டீ வடிகட்டியக் கழுவிக் குடு.

— டீ வடிகட்டியா?

— சுடச்சுடக் கரண்டியால அதுல அழுத்தித் தேய்க்கணும். பூ மாதிரி உதிரும். அம்மாக்காரி காலையில எடுத்து வச்ச பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, அதுல தளர்த்திடலாம்.

— விரல் வேகுதுடா உனக்கு.

— விடு, பழகின விரல்தான்.

— மணி பன்னண்டு அம்பது.

— ஆறிடுச்சு. மணிக்கட்டுல வச்சுப் பாத்தேன், சூடு தெரியல. கரண்டியக் கவுக்கிறேன், பாரு.

— விழுது.

— முதலாளியம்மா, வாயத் திறங்க. இந்தா... ஒரே ஒரு வாய்.

— துப்பிட்டாடா.

— துப்பலக்கா. நாக்கு தள்ளுது, அதுக்கு முழுங்க இன்னும் தெரியல. தாடையில இருக்கறத வழிச்சு அதையே வைக்கிறேன்.

— என் முந்தானையெல்லாம் கிழங்கு.

— அக்கா.

— என்ன?

— தொண்டையப் பாரு.

— இறங்குச்சு.

— வாசனை தெரிஞ்சிருக்கு, அம்மா பால் ஆச்சே. இந்தா, ரெண்டாவது.

— அட, நீ நீட்டறதுக்குள்ள அவளே வாயத் திறக்குறா.

— மூணு... கரண்டிய விடுங்க முதலாளியம்மா. விடு கண்ணு, அடுத்தது எப்படி எடுக்கறது? அக்கா, இழுக்குறா பாரு, என்ன பிடி!

— எஞ்சின் ஓட்டுறவ பொண்ணு. பின்ன எப்படி இருக்கும்?

— கிண்ணம் காலி.

— என்னடா, அழுறியா?

— ஆவி பட்டுது கண்ணுல. மணி என்ன?

— ஒன்னு அடிக்க ரெண்டு நிமிஷம்.

— அப்ப அந்த லெட்டர எடு. என் கையால கிழிக்கணும்.

— என் கைப்பையத் திற. சைடு ஜிப்புல.

— இது மளிகை லிஸ்ட். லெட்டர் எங்கக்கா?

— அவ படியிறங்கின நிமிஷமே கிழிச்சுட்டேன்.

— அப்புறம் ஏன் காலையிலேர்ந்து மணி சொல்லி என் உயிர வாங்கின?

— உன்னை எனக்குத் தெரியாதா? லெட்டர் இல்லன்னு சொல்லியிருந்தா, ரெண்டாவது கிழங்கோட எழுந்து போயிருப்ப.

— பொய் சொல்லாத. கிழிச்சது எங்க?

— குப்பைக் கூடையப் பாரு. நீ கொட்டின ரெண்டு கிழங்குக்கும் அடியில கிடக்கு.