பவானி முட்டை சாப்பிட மாட்டாள்

ஓடுகிறோம். பின்பக்கக் கேட் பூட்டியிருக்கிறது. முன்பக்கம் போக முடியாது. அங்கேதான் அது வெள்ளையாக, தரையோடு தரையாக வந்துகொண்டிருக்கிறது. கண் எரிகிறது. தொண்டைக்குள் மிளகாய்ப்பொடியை அப்பியது போல இருக்கிறது. பவானியின் கை என் கையில்.

"துப்பட்டாவ நனைச்சி மூக்குல கட்டுங்க! ஏரிக்கரைக்கு ஓடுங்க! கம்பெனி பக்கம் போவாதீங்க!"

கத்துவது கஸ்தூரி அக்கா. எங்களுக்குச் சத்துணவு சமைப்பவர். கையில் கருங்கல். பூட்டின் மேல் ஓங்கி அடிக்கிறார். ஐந்தாவது அடியில் பூட்டு விட்டது.

பொங்கல் லீவு முடிந்த மறு வாரம். செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்று ஐந்து. பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடம். கேட்ட சத்தங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் குக்கரில் ஆவி போவது மாதிரி ஒரு சீறல். அடுத்து ஆறாம் வகுப்பில் இருமல். பிறகு எல்லா வகுப்பிலும் இருமல். பெஞ்சுகள் விழும் சத்தம். கம்பெனிச் சங்கு ஊதவில்லை.

எங்கள் பள்ளி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருக்கிறது. பள்ளிக்கும் ரசாயனக் கம்பெனிக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆடி மாதம் கம்பெனி ஆட்கள் வந்து ஒத்திகை நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு மாம்பழ ஜூஸ். வாயு கசிந்தால் முதலில் சங்கு ஊதும், ஊதியதும் ஓட வேண்டும் என்றார்கள். கை தட்டினோம். நம்பினோம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் வாந்தி எடுத்துக் கிடந்தபோது, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. தினமும் போல. முழுச் சத்தத்தோடு.

என் வகுப்புத் தோழி பவானிக்கு இளைப்பு உண்டு. அவள் அப்பா பழவேற்காட்டில் மீன் பிடிப்பவர். படிப்புக்காக இங்கே சித்தி வீட்டில் இருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. வியாழக்கிழமை காலை சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தாள். நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் நைனா வந்தார். என் அப்பா. பதினோரு வருஷமாக அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் லோடிங் வேலை. என்னைப் பார்க்க வந்தார் என்று நினைத்தேன். பின்னால் கம்பெனி ஆள் ஒருவர் ஃபைலோடு நின்றார். நைனா கட்டிலில் உட்கார்ந்து என் காலைத் தடவினார்.

"திங்கக்கெழம போட்ட முட்ட கெட்டுப்போயிருந்திச்சின்னு சொல்லிரு கண்ணு. இன்னா கேட்டாலும் அத்தயே சொல்லு."

"பவானி முட்ட சாப்பிட மாட்டா நைனா."

அவர் தலை நிமிரவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றார். முட்டைதான் காரணம் என்று எழுதிய தாளை அந்த ஆள் நீட்ட, காப்பாளர் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியரும் போட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். என் கண்ணால் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறிக்கை வந்தது. கெட்டுப்போன உணவு. ஒரு மாணவிக்கு ஏற்கெனவே இளைப்பு நோய். கஸ்தூரி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பூட்டை உடைத்தவரை.

பள்ளியை மூடினார்கள். மிச்சப் பாடமெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கணக்கு டீச்சர் மணமேடையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, கம்மிப்போன குரலில் நடத்தினார். இரண்டு வரிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். எவரும் சிரிக்கவில்லை. யார் வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படித்தோம்.

தேர்வுக்கு முன் தாலுகா ஆபீசில் விசாரணை. நானாகப் போனேன். நேரம், சீறல், ஊதாத சங்கு, பவானி, எல்லாம் சொன்னேன். அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். உன் அப்பா கையெழுத்து இருக்கிறதே என்று கேட்டார்.

"கையெழுத்து அவரோடது சார். மூச்சு முட்னது எனக்கு."

எழுதிக்கொண்டார். அறிக்கை இன்றுவரை மாறவில்லை.

தேர்வு எழுதினோம். நான் தேறிவிட்டேன். ஜூனில் மீஞ்சூரில் பிளஸ் ஒன் சேர வேண்டும். ரயிலில் போக வேண்டும். பழைய பள்ளியையும் திறக்கப் போகிறார்கள். நடுச்சுவரை இரண்டடி உயர்த்தியிருக்கிறார்கள்.

போனவற்றை எண்ணி வைக்கிறேன். பவானி, வயது பதினைந்து. கஸ்தூரி அக்காவின் வேலை. கணக்கு டீச்சரின் குரல். ஏழாம் வகுப்பு ரேவதியின் இடது கண். ஊரை விட்டே போன குடும்பங்கள் நான்கு. என் நைனா. அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.