தம்பியின் திருத்தம்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. நின்றுகொண்டே பேசினால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபீசிலும் இப்படித்தான். ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு, அது ஓடி முடிவதற்குள் ஜன்னல்வரை போய் வந்துவிடுவேன். காலில் சக்கரம் கட்டியவன் என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

விசாரணைக்காக நீங்கள் அச்செடுத்து வைத்திருக்கும் அந்த ஒரு வரிக் கட்டளை என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் அது என்ன செய்யும் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாச மிஷின்கள் செய்கிறது. அவற்றுக்கு மென்பொருள் எழுதுவது என் தம்பி. எழுதியதைக் களஞ்சியம் என்கிற கம்பெனி சர்வரில் ஏற்றுவான். மிஷின்கள் தினமும் அங்கே கேட்டுப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் இறக்கிக்கொள்ளும். எல்லா மிஷினும் ஒன்றாகக் கேட்டால் களஞ்சியம் திணறிவிடும். அதனால் நடுவில் கேஷ் என்று ஒன்று உண்டு. ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் அதையே கொடுக்கும். அந்தப் பிரதி எத்தனை நேரம் செல்லுபடியாகும் என்று தீர்மானிப்பது என் வேலை. வழக்கமாக ஒரு மணி நேரம். தம்பியின் மென்பொருளுக்கு மட்டும் அதை ஒரு வருஷமாக்கினேன். எதையும் அழிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை.

குழாய் கழன்றால் மிஷின் அலாரம் அடித்துக் கத்த வேண்டும், சில சமயம் கத்தாமல் இருந்துவிடும். அந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் தம்பிதான், திருத்தியதும் அவன்தான். எங்கள் அப்பாவுக்கும் அதே மிஷின். விஷயம் தெரிந்ததும், பேச முடியாத அப்பா அவன் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவனுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். கொஞ்ச நாளாக அவன் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவன் திருத்தத்தை ஏற்றுவதற்கு முன்பே நான் அந்த ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டேன். ஏற்றிய மறுநாளே என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணா, ஒண்ணும் புரியல. புதுசு ஏத்திட்டேன். என் கம்ப்யூட்டர்ல சரியா வருது. மிஷின்லல்லாம் இன்னும் பழசுதான் ஓடுதாம்."

மென்பொருள் எழுதுகிறவர்களின் கம்ப்யூட்டர்கள் கேஷுக்குப் போகாமல் நேரே களஞ்சியத்துக்குப் போகும்படி நான் அமைத்திருந்தேன்.

"நீ எழுதுனதுல எங்கயாச்சும் பிசகியிருக்கும்டா. பதறாம உக்காரு, ரெண்டு பேருமா பாப்போம்."

நாள் முழுக்க என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். பிசகே இல்லாத இடத்தில் வரிவரியாகத் தேடினோம். சாப்பாட்டையும் பங்கு போட்டுக்கொண்டோம். அப்போதுதான் போன் வந்தது. ஊருக்கு மறுகோடியில் எங்கள் மிஷினை வைத்திருந்த ஒரு தையல்காரம்மா. குழாய் கழன்றிருக்கிறது, மிஷின் கத்தவில்லை. உயிர் போய்விட்டது. தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. கேஷிலிருந்த பழைய பிரதியைத் துடைத்தெறியும் கட்டளையை நான் திரையில் தட்டி வைத்தேன். விசையை ஒரு முறை அழுத்துவதுதான் பாக்கி.

"நீ மட்டும் இல்லன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்" என்றான் தம்பி.

தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அப்பாவின் மிஷினிலாவது கையால் ஏற்றிவிட வேண்டும் என்று தவித்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினேன். தம்பி மனைவி பக்கத்தில் நிற்க, புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அதுவும் கேஷைத்தான் கேட்டது. 'புதிதாக ஏதுமில்லை' என்று பதில் வந்தது.

"சரியாயிடுச்சா மாமா?"

"ஆயிடுச்சும்மா. இனிமே குழாய் கழண்டா தெருவுக்கே கேக்கும். நீ நிம்மதியா உன் வேலையப் பாரு."

அதுவரை அந்தப் பெண் அப்பாவின் கட்டிலை விட்டு நகராமல் கிடந்தாள். மறுநாள் மதியம் துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனாள். அப்பாவோடு நான் இருந்தேன். அவர் எதற்கோ கையைத் தூக்கினார், குழாய் கழன்றது. மிஷின் கத்தவில்லை. கத்தாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தேன், தெருமுனைவரை நடந்தேன், திரும்பினேன். திரும்பும்போது மெதுவாக நடந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போய் கேஷின் அந்த ஒரு வருஷத்தைப் பழையபடி ஒரு மணி நேரமாக்கிவிட்டேன். அப்பாவின் மிஷின் உட்பட எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி யாருக்கும் ஆபத்தில்லை.

தம்பிதான் உடைந்துபோனான். தன் திருத்தம் ஓடிய மிஷினிலேயே அப்பா போனதாக நினைக்கிறான். தான்தான் கொன்றேன் என்கிறான். வேலையை ராஜினாமா செய்துவிட்டு என் அறையில் படுத்துக் கிடக்கிறான். மனைவி கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. நான் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறான். ராத்திரி விளக்கை அணைப்பதற்குக்கூட என்னைக் கேட்கிறான்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தையல்காரம்மாவைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. அப்பாவையும்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவனுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?