உள்ளேர்ந்து வரணும் சார்

ஆட்டாதீங்க சார், காலை ஆட்டாதீங்க. ஷூவோட நாக்கு உள்ள மடங்கிடுச்சு, அதை நிமித்திட்டுதான் லேஸ் கட்டணும். அவசரமா? எல்லாருக்கும் அவசரம்தான். ஒரு கால் முடிஞ்சுது, இன்னொண்ணு இருக்குல்ல? உக்காருங்க.

என்ன கேட்டீங்க? ஆமா, பதினேழு வருஷமா இதே செருப்புக் கடைதான். இந்த மழை சீசன்லதான் எனக்கு ஒண்ணு ஆச்சு. ஒரு நாள் காலைல ஷட்டரைத் தூக்கக் குனிஞ்சேன், கை வரல. வலி இல்ல, வீக்கம் இல்ல. வீட்ல தண்ணிக் குடம் தூக்குது, பொண்ணைத் தூக்குது, ஷட்டர்னா மட்டும் செத்த கை மாதிரி தொங்குது. டாக்டர் ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, கைக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் கடைக்குப் போகப் பிடிக்கலன்னுட்டாரு. அதுக்கு மாத்திரை கிடையாதாம்.

என் வீட்டுக்காரிதான் எங்கேயோ விசாரிச்சு ஒரு வகுப்புல சேத்து விட்டா. சின்னக் கடைக்காரங்களுக்கு ஊக்கம் குடுக்கறாங்களாம். கோட்டு போட்ட ஒருத்தர் பேசினாரு. நான் அவரோட ஷூவைத்தான் பாத்தேன், குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சிருந்துது. காசுக்காகப் பண்ணாதீங்க, பேருக்காகப் பண்ணாதீங்க, ஆர்வம் உள்ளேர்ந்து வரணும், வெளியிலேர்ந்து வர்றதெல்லாம் மனசுக்குக் குடுக்கற லஞ்சம்னாரு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துது சார்.

மறுநாள் ஷட்டரை அவ தூக்கி விட்டுட்டுப் போனா. நான் உள்ள உக்காந்து என்னையே இன்டர்வியூ எடுத்தேன். அந்தப் பெரிய நாற்காலில உக்காந்து, ஏம்ப்பா, இந்தக் கடைல எதுக்கு சேரணும்கறேன்னு கேப்பேன். ஓடி வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து, மாமனார் வச்சுக் குடுத்தாரு சார்னு பதில் சொல்வேன். இதெல்லாம் ஒரு பதிலா? ஃபெயில் பண்ணிட்டேன். அப்புறம் பாவம், குடும்பஸ்தன்னு மூணு மாசத்துக்குத் தற்காலிகமா வச்சுக்கிட்டேன்.

சிரிக்கிறீங்க. அன்னிக்கு ராத்திரி வீட்ல சொன்னப்ப அவளும் சிரிச்சா.

சரி, எனக்கு நெசமாவே எதுதான் பிடிக்குதுன்னு தேடினேன். பில் போடறது? ச்சே. தூசி தட்டறது? இல்ல. கடைசில கண்டுபிடிச்சேன் சார், லேஸ் கோக்கறது! எல்லா டப்பாவையும் இறக்கி, இருக்கற அத்தனை ஷூவுக்கும் கோத்தேன். ரெண்டு முனையும் ஒரே நீளத்துல வந்து நிக்கும்போது... எப்படிச் சொல்றது, காதுக்குள்ள போன தண்ணி வெதுவெதுப்பா வெளிய வருமே, அந்த சுகம். ஆசை தாங்காம லேஸே இல்லாத செருப்புக்குக் கூட கட்டிப் பாத்தேன்.

நல்லாத்தான் போயிட்டிருந்துது. வாங்க வர்றவங்கதான் கெடுத்தாங்க. ஒரு வாத்தியார் வந்து ஷூ கேட்டாரு. எதுக்குன்னேன். பழசு கிழிஞ்சிடுச்சுன்னாரு. அது வெளியிலேர்ந்து வர்ற காரணம் சார், நீங்களா ஆசைப்பட்டு வரணும்னேன். கால் நனையுதுப்பான்னாரு. மழையும் வெளியிலதானே சார் பெய்யுதுன்னேன். கிழிஞ்ச ஷூவோடயே சளக் சளக்னு போயிட்டாரு. அப்புறம் ஒரு நர்ஸம்மா. வேலைக்கு வெள்ளை ஷூ கட்டாயம்னாங்க. கட்டாயமா? அந்த வார்த்தையக் கடைக்கு வெளிய விட்டுட்டு வாங்கன்னேன். ஒரே ஒரு தாத்தாவைத்தான் எனக்குப் பிடிச்சுது. சும்மா பாக்க வந்தேன்னாரு. ஆகா, இவர்தான் மனுஷன்னு மாத்தி மாத்தி பதினோரு ஜோடி கட்டி விட்டேன். வீட்டுக்குப் போகணும்னு அழுதுட்டாரு.

ஒம்பதாவது நாள் வீட்டுக்காரி வந்தா. சத்தம் போடல, அதான் பயமே. அவ பாட்டுக்குப் பெரிய நாற்காலில உக்காந்தா. கடை அவ பேர்ல சார். தற்காலிகம்னுதானே வச்சீங்க, நாளைலேர்ந்து வர வேண்டாம்னுட்டா.

ஆமா சார், என்னை வேலையவிட்டுத் தூக்கி நாப்பது நாள் ஆச்சு.

அட, எந்திரிக்காதீங்க! ஒரே ஒரு முடிச்சுதான் பாக்கி. திருடன்லாம் இல்ல. வீட்ல நான்தான் புருஷன், கடைலதான் நான் யாருமில்ல. ஒரு மணிக்கு அவ பூட்டிட்டுப் பொண்ணுக்கு சாப்பாடு போடப் போவா, ரெண்டு மணிக்கு வருவா. எங்கிட்ட இருக்கற சாவிய அவ திருப்பிக் கேக்கல, ஏன்னு தெரியல. அந்த ஒரு மணி நேரம் நான் வந்து ஷட்டரைத் தூக்கித் தொறந்துக்கறேன், இப்ப கை தானா வருது. யாரும் கூப்பிடல, வான்னு சொல்லல. அதோ அந்த முனைலேர்ந்து ஓட்டமா ஓடி வர்றேன் சார், இந்த வயசுல! யார் வந்தாலும் கால் அளந்து, போட்டு விட்டு, உக்கார வச்சுடுவேன். காரணமெல்லாம் இப்ப கேக்கறதில்ல. உங்களைக் கேட்டேனா?

பில்லா? அது அவ வந்துதான் போடணும். வந்துடுவா, இன்னும் பத்தே நிமிஷம்.

அவளுக்குத் தெரியுமாவா? தெரியாதுன்னுதான் இருந்தேன். ஆனா அஞ்சு நாளா அந்த அலமாரில ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கு, பாருங்க. யாருக்குன்னு சொல்லல, எழுதியும் வைக்கல. தெனமும் தொட்டுப் பாப்பேன், சூடாத்தான் இருக்கும். அப்படியே வச்சுட்டுப் போயிடுவேன்.

பசிதான் சார், இல்லேன்னு பொய் சொல்வேனா? ஆனா தொறந்து சாப்பிட்டேன்னு வைங்க, அது சம்பளம் ஆயிடும்ல?