தெருமுனையில் நிறுத்திய வண்டி

— மனசுல பட்டத சொல்றேன் சார். கியர்பாக்ஸ மாத்திட்டு வித்தா உங்களுக்கு நஷ்டம், போட்ட செலவுல பாதிகூட விலையில திரும்பாது. மாத்தாம வித்தா வாங்கறவங்களுக்கு நஷ்டம். மூணாவது கியர் தானா வெளிய குதிக்குது. ரெண்டு மாசம் தாங்கினா பெருசு.

— ஏன் தம்பி, மெக்கானிக்குன்னா ஒரு வழி சொல்லணும். நீங்க ரெண்டு பக்கமும் கதவ சாத்துறீங்களே.

— நீங்களும் சாரும் பேசி முடிவு பண்ணுங்கக்கா. நான் அந்த வெள்ள வண்டிக்கு சக்கரத்த மாட்டிட்டு வந்துடறேன்.

— என்னங்க, சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அந்த நர்ஸம்மா வண்டி பாக்க வர்றாங்க.

— அதான் சொல்றேன்ல, இருக்கறத இருக்கற மாதிரி சொல்லிடுவோம். விலையக் கொறச்சுடுவோம். அவங்களே மாத்திக்கட்டும்.

— ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு அவங்க மெக்கானிக் பின்னாடி அலையணுமா?

— அப்ப மாத்தலாங்கறியா?

— ஐயோ, அந்தக் காசுக்கு புது வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கலாம். வண்டி நிறுத்த இடமில்லாத வீட்டுக்குப் போறோம்னுதானே இத விக்கிறதே.

— பாத்தியா, இப்ப நீ சாத்துற.

— சிரிக்காதீங்க. கைய நீட்டுங்க, டேஷ்போர்டுக்குள்ள கெடந்ததெல்லாம் இந்தாங்க. உங்க பழைய மூக்குக்கண்ணாடி, நாலு பேனா, நாலும் எழுதாது. என் கிளிப்பு, ஆறு மாசமா தேடினேன். இது என்ன சீட்டு?

— அது வந்து… பழசு. இப்படிக் கொடு.

— இருங்க. மெக்கானிக் தம்பி கையெழுத்து. "ரிவர்ஸ் விழவில்லை. கியர்பாக்ஸ் பார்க்கணும்." போன வருஷம் ஜூன் மாசத் தேதி. என்னங்க இது?

— அப்பதான் உனக்கு வேலை போயிருந்துச்சு. செலவுன்னு சொன்னா நீ சோத்துல கை வெக்க மாட்ட. அதான் சொல்லல.

— ஜூன்லதானே எங்க போனாலும் தெருமுனையிலயே வண்டிய நிறுத்த ஆரம்பிச்சீங்க?

— அந்தச் சீட்ட இப்படிக் கொடும்மா.

— "இறங்கு, நடந்தே போவோம், காத்து நல்லா இருக்கு"ன்னீங்களே.

— காத்து நல்லாத்தானே இருந்துச்சு.

— பல் டாக்டர் வாசல்ல லாரியே நிறுத்தலாம், அவ்வளவு இடம். அங்கயும் நடத்தித்தான் கூட்டிட்டுப் போனீங்க. உள்ள விட்டா வண்டியப் பின்னாடி எடுக்க முடியாது, அதான? எனக்கு ஓட்டத் தெரியாது, சொன்னத நம்பிக்குவேன்.

— ஏம்மா, கொஞ்சம் கேளு…

— அன்னைக்கு மழையில ஒரே குடையில லைப்ரரி வரைக்கும் நடந்தோமே. சின்ன வயசுல உங்களுக்கு வாய் திக்கும்னு அன்னைக்குத்தான் சொன்னீங்க. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல சொல்லாதத. நான் வீட்டுக்கு வந்து எங்க அக்காவுக்குப் போன் போட்டேங்க. "அவரு மாறிட்டாருக்கா, என்கூட நடக்கறதுக்குன்னே வண்டியத் தள்ளி நிறுத்தறாரு"ன்னு. அவ சிரிச்சா. சரியாத்தான் சிரிச்சிருக்கா.

— இதுல இன்னொண்ணு இருக்கு. அத எப்படிச் சொல்றதுன்னு…

— வேணாம். நீங்க சொல்லி நான் நம்பினது போதும். நடக்கறதுக்குன்னு புதுச் செருப்பு வேற வாங்கினேன், லூசு மாதிரி.

— அந்தச் செருப்பு உனக்கு நல்லா இருக்கு.

— பேச்ச மாத்தாதீங்க. கியர்பாக்ஸ மாத்துங்க. பீரோ ஒண்ணும் வேணாம்.

— நஷ்டம்னு இப்பதான் அந்தத் தம்பி…

— ஆகட்டும். அந்த நர்ஸம்மாவாவது போற எடத்துல வாசல்லயே இறங்கட்டும். அவங்கள யாரும் காத்து நல்லா இருக்குன்னு ஏமாத்த வேணாம்.

— அழறியா?

— இல்ல. பெட்ரோல் நெடி.

— இந்தா, கைக்குட்டை.

— உங்க கைக்குட்டை ஒண்ணும் எனக்கு வேணாம்… சரி, கொடுங்க.

— சக்கரம் மாட்டியாச்சுக்கா. என்ன முடிவு? கழட்டவா, அப்படியே விடவா?

— மாத்திடுங்க தம்பி. மூணாவது கியரெல்லாம் அப்புறம். முதல்ல அந்த ரிவர்ஸ சரி பண்ணுங்க.

— தம்பி, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்களேன்.

— இருங்க சார். ரிவர்ஸா? அதுக்கு என்னக்கா? சீட்டு எழுதின மறுவாரமே பாத்துட்டேனே. கம்பி ஒண்ணு விலகி இருந்துச்சு, மாட்டி விட்டேன், அவ்வளவுதான். ஒரு வருஷமா அது நல்லாத்தான் விழுது. சார் சொல்லலியா?