நனைந்த கால்சட்டை

எனக்குச் சோபாவின் ஜன்னலோர மூலை பிடிக்கும். அதைத் தவிர நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு எனக்கு நுண்துளை அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் கெட்டிக்காரர். நான் மயக்கத்தில் கிடக்கும்போதே, வெட்டியெடுத்த சுரப்பியின் ஓரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே புற்று இல்லை என்று பதில் வந்த பிறகு, ஒட்டியிருந்த நரம்புகளை அலுங்காமல் காப்பாற்றிக் கொடுத்தார். சிறுநீரை அடக்குவதும் மற்ற விஷயமும் அந்த நரம்புகளின் தயவில்தான். மற்ற விஷயத்தை அவர் விளக்கியபோது என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீக்கிரமே எல்லாம் சரியாகிவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பாடுவார். நாங்கள் போய்க் கேட்க வேண்டும்.

"அவருக்கு இன்னும் கசியுதுண்ணே, வர முடியாது" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து, கால்சட்டையை நனைத்துக்கொள்ளக் குளியலறையில் ஒரு குவளை நீர் வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தால்தான் நம்புவார்கள். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்கு ஆகாது. மனைவி முகம் சுளிக்காமல் துவைத்துப்போட்டாள். நல்லவள்.

டாக்டர்தான் இளைத்துப்போனார். என் அறுவை சிகிச்சை வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்பார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுப்பேன். கடைசியில், "நரம்பை விட்டுவச்சு என்ன பிரயோஜனம்? இனிமே சேர்த்தே எடுத்துடப் போறேன்" என்றார். படித்தவர் எடுத்த முடிவு. நான் யார் குறுக்கே பேச?

பிறகு மச்சானுக்கும் அதே நோய் வந்தது. அதே டாக்டரைச் சிபாரிசு செய்ததும் நான்தான்.

நேற்று மச்சான் வந்து என் மூலையிலேயே உட்கார்ந்து அழுதார். "நரம்பையும் எடுத்துடுவாராம் மாப்ள. உங்க கதி எனக்கும் வந்துட்டா, நான் எப்படி நாலு பேர் முன்னாடி உக்காந்து பாடுறது?"

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இனி பாட்டே இருக்காது என்ற நினைப்பும் கூடவே வந்ததை நான் மறைக்கவில்லை.

இன்று காலை அவருக்கு அறுவை சிகிச்சை. அதற்கு முன்பே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து சட்டைகூட மாட்டிக்கொண்டேன். போனில் சொல்கிற விஷயமா இது? நேரில்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். ஆனால் வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

சிறுநீரை அடக்க முடியாத ஒரு மனிதன் அந்தக் குளிரில் எப்படி வெளியே போவான்? நீங்களே சொல்லுங்கள்.