இடக்கைக்கு ஒரே ஒரு இடம்

லோரெட்டா: …அதெல்லாம் விடுங்க சார். அந்த டோபினை மட்டும் டீம்ல சேர்த்தாங்கன்னா இந்த வருஷமும் நமக்குப் பட்டை நாமம்தான்.

வெண்டெல்: ஏங்க, நான் வந்து உக்காந்தே அஞ்சு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள ஒரு சின்னப் பையனைப் பிடிச்சு இந்த வாங்கு வாங்குறீங்க. அவன் உங்களுக்கு என்ன பண்ணான்?

லோரெட்டா: நேத்து பேஸ்பால் மேட்ச் பாக்கலையா? கண்டபடி பந்து வீசி, மூணு பேரை பேட்டைத் தொடவே விடாம சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்பி வச்சான். என்னமோ சத்திரம் நடத்துற மாதிரி.

வெண்டெல்: அதுக்கப்புறம் மூணு பேரை வரிசையா அவுட் ஆக்கினானே, அது உங்க கண்ணுல படலையா?

லோரெட்டா: அதிர்ஷ்டம்.

வெண்டெல்: சரிதான் போங்க. நான் வெண்டெல்.

லோரெட்டா: லோரெட்டா. நம்ம டீம் ஊரு சின்சினாட்டியில இருந்து இதுக்குன்னே வந்தீங்களா?

வெண்டெல்: பக்கத்துல டேட்டன். வருஷா வருஷம் மார்ச்ல இந்த அரிசோனா வெயிலுக்கு வந்துடுவேன். முழங்கால் வலிக்கு நல்லதாம்.

லோரெட்டா: நானும்… சும்மாதான் வந்தேன். வெயிலுக்கு.

வெண்டெல்: பயிற்சி முகாம் முடிஞ்சு நாளைக்கு டீம் ஊருக்குக் கிளம்புது. இருபத்தாறு பேர்ல மீதி எல்லாம் முடிவாயிடுச்சு. ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இடக்கையால பந்து வீசுற பிட்சர். டோபினா, வெஸ்காட்டா? என் ஓட்டு டோபினுக்கு.

லோரெட்டா: என் ஓட்டு வெஸ்காட்டுக்கு.

வெண்டெல்: அந்தக் கிழவனுக்கா!

லோரெட்டா: முப்பத்தொரு வயசு கிழமா? அப்போ என்னை என்னன்னு சொல்லுவீங்க?

வெண்டெல்: நீங்க பந்து வீசப் போறதில்லையே. அவன் ஒம்போது வருஷமா சின்ன லீக்ல ஊர் ஊரா பஸ்ல சுத்துறான். முழங்கையில ரெண்டு ஆபரேஷன். சும்மா உப்புக்குச் சப்பாணி.

லோரெட்டா: அப்படிப் பேசாதீங்க. அவரைப் பெத்தவங்க காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்?

வெண்டெல்: …அவங்களுக்கு அதெல்லாம் பழகிப் போயிருக்கும்.

லோரெட்டா: இதுல பழகுறதுக்கு என்ன இருக்கு?

வெண்டெல்: ஒண்ணுமில்ல. சூரியகாந்தி விதை எடுத்துக்குங்க. தோலைக் கீழயே துப்பலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

லோரெட்டா: இல்ல, நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டோபினை இப்போ சேர்க்கலைன்னா குடியா முழுகிடும்? சின்ன லீக்குக்கு அனுப்பி வச்சு, வேணும்கிறப்போ கூப்பிட்டுக்கலாம். வெஸ்காட்டை அப்படி அனுப்ப முடியாது. அவருக்கு அந்தச் சலுகையெல்லாம் தீந்து போச்சு. விட்டா, வேற டீம்காரன் கொத்திட்டுப் போயிடுவான்.

வெண்டெல்: கொத்திட்டுப் போக அவன் என்ன மாம்பழமா? எவனும் வர மாட்டான். விட்டா நேரா வீட்டுக்குத்தான். அதோட அவன் கதை முடிஞ்சுது.

லோரெட்டா: இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க!

வெண்டெல்: அழுதுகிட்டே சொன்னா மட்டும் மாறிடுமா?

லோரெட்டா: மனுஷனுக்கு ஈவு இரக்கம் வேணும்ங்க.

வெண்டெல்: டீம் கட்டுறவனுக்கு அது இருந்தா டீம் உருப்படாது. இப்பவே பாருங்க. ரெண்டாவது பேஸ் பக்கம் காக்குற ஷார்ட்ஸ்டாப்பை டெக்சாஸ்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. மூணாவது பேஸ்ல நிக்கிறவரு குனிஞ்சா நிமிர ரெண்டு பேர் வேணும்.

லோரெட்டா: முதல்ல பந்து வீசுற அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்குத் தோள்ல ஐஸ் கட்டியிருக்கு. சீசனே இன்னும் ஆரம்பிக்கல!

வெண்டெல்: அதைத்தான் சொல்றேன். ஆறாவது இன்னிங்ஸ் வந்தா தூக்கி நிறுத்த ஒரு தெம்பான இளவட்டம் வேணும். டோபின் மாதிரி.

லோரெட்டா: ஆமா, தூக்கி நிறுத்தினான். நூத்தி அறுபத்திரெண்டு மேட்ச்ல எழுபது ஜெயிச்சாலே இந்த வருஷம் தேவாலயத்துல மெழுகுவத்தி ஏத்துவேன்.

வெண்டெல்: போன மார்ச்ல நான் கோப்பையே நமக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மே மாசத்துக்குள்ள எல்லாம் நாறிப் போச்சு. அதனால இந்த வருஷம் வாயைத் திறக்கிறதா இல்ல.

லோரெட்டா: திறந்த வாயை மூடலையே நீங்க!

வெண்டெல்: ஹா… சரி சரி, பாருங்க! டோபினைக் கூப்பிட்டுட்டாங்க. உள்ள வர்றான்.

லோரெட்டா: வரட்டும், எனக்கென்ன.

வெண்டெல்: என்னங்க, தொப்பியை மூஞ்சி மேல இழுத்து விட்டுட்டீங்க? பாக்கலையா?

லோரெட்டா: அவனைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீங்களே சொல்லுங்க. என்ன பண்றான்?

வெண்டெல்: பந்து வீசுற மேட்டுல நிக்கிறான். தொப்பியைத் தொடுறான். திரும்பவும் தொடுறான்.

லோரெட்டா: ரெண்டு தடவையா? ஐயோ, பயப்படுறான். சின்னதுல இருந்தே அப்படித்தான்…

வெண்டெல்: சின்னதுல இருந்தா?

லோரெட்டா: …பேப்பர்ல போட்டிருந்தாங்க. நீங்க மேட்சைச் சொல்லுங்க.

வெண்டெல்: அட! என்ன ஒரு பந்து! அப்படியே வளைஞ்சு உள்ள…

லோரெட்டா: உஷ்! வாயை மூடுங்க! கண்ணு பட்டுடும்!

வெண்டெல்: அவன் சொதப்புனா உங்களுக்கு நல்லதுதானே?

லோரெட்டா: யாரா இருந்தா என்ன? ஆடிக்கிட்டிருக்கும்போது நல்லதை வாய்விட்டுச் சொல்லலாமா? பேஸ்பால் பாக்குறவருக்கு இதுகூடவா தெரியாது?

வெண்டெல்: தெரியாம என்ன. எங்க வீட்டுல பிடிச்ச ஆளைப் பத்தி சீசன் முடியிற வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை பேச மாட்டோம். திட்டிக்கிட்டேதான் இருப்போம்.

லோரெட்டா: எங்க வீட்டுலயும்… சரி, அவுட் ஆச்சா, இல்லையா?

வெண்டெல்: ஆச்சு. மூணு பேரும். இப்போ மூச்சு விடுங்க, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.

லோரெட்டா: வெயில்.

வெண்டெல்: அடுத்த இன்னிங்ஸுக்கு யாரு?

லோரெட்டா: வெஸ்காட் வர்றாரு. பாருங்க, எவ்வளவு நிதானமா நடந்து வர்றாரு… ஏங்க, எங்க திரும்பி உக்காந்துட்டீங்க? மேட்ச் இந்தப் பக்கம் நடக்குது.

வெண்டெல்: கண்ணு கூசுது.

லோரெட்டா: வெயில் உங்க முதுகுப் பக்கமில்ல இருந்துச்சு?

வெண்டெல்: எனக்கு முதுகும் கூசும். சொல்லுங்க.

லோரெட்டா: முதல் ஆள் அடிச்சுட்டான். பந்து இடுக்குல போயிடுச்சு. மூணாவது பேஸ்காரர் குனியவே இல்ல, பாவி!

வெண்டெல்: தெரியும். எனக்குத் தெரியும். தலையைத் தொங்கப் போட்டுட்டானா?

லோரெட்டா: இல்லையே. சிரிக்கிறாரு. அந்த மூணாவது பேஸ்காரரைப் பாத்து, ‘பரவாயில்ல’ன்னு கையைக் காட்டுறாரு.

வெண்டெல்: …ஆமா. அப்படித்தான் காட்டுவான்.

லோரெட்டா: அடுத்தவன் அடிச்ச ஒரே பந்துல ரெண்டு பேரும் அவுட்! அதுக்கடுத்தவன் நின்ன இடத்துலயே அவுட்! முடிஞ்சுது, திரும்புங்க. கிளாஸை ஏன் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?

வெண்டெல்: பியர் சிந்திடக் கூடாதுல்ல.

லோரெட்டா: கிளாஸ் காலியாச்சே.

வெண்டெல்: கொஞ்சம் அங்க பாருங்க. கோச், டோபின் தோளைத் தட்டுறாரு.

லோரெட்டா: எதுக்கு? எதுக்குத் தட்டுறாரு?

வெண்டெல்: உள்ள கூட்டிட்டுப் போறாரு. மேனேஜர் ரூமுக்கு.

லோரெட்டா: வெஸ்காட்டையும் கூப்பிடுறாங்களே! முதல்ல கூப்பிட்டா நல்லதா, கெட்டதா? சொல்லுங்க வெண்டெல், நீங்க எத்தனை வருஷமா பாக்குறீங்க!

வெண்டெல்: வேண்டாம்னு முடிவானவனைத்தான் முதல்ல கூப்பிடுவாங்கன்னு சொல்லுவாங்க. இல்ல… ஒருத்தர் சொன்னதுக்கு நேர் எதிரா இன்னொருத்தர் சொன்னாரு.

லோரெட்டா: ஒரு உபயோகமும் இல்ல உங்களால.

வெண்டெல்: இல்லதான்.

லோரெட்டா: இருங்க, ஒரு நிமிஷம் வேண்டிக்கிறேன்.

வெண்டெல்: பிடிக்காத பையனுக்காகவா?

லோரெட்டா: …டீமுக்காக.

வெண்டெல்: எனக்கும். டீமுக்காக.

லோரெட்டா: இன்னும் ஒருத்தரும் வெளிய வரலையே.

வெண்டெல்: லோரெட்டா, உங்க பையில போன் அடிக்குது.

லோரெட்டா: அடிக்கட்டும்.

வெண்டெல்: விடாம அடிக்குதே.

லோரெட்டா: எடுக்க மாட்டேன். நல்ல சேதின்னா காத்திருக்கும். கெட்டதுன்னா, இன்னும் கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாமலே கெடக்கட்டும். …உங்க சட்டைப் பையிலயும் ஏதோ மினுக்குது பாருங்க.

வெண்டெல்: ம். ஒரு மெசேஜ்.

லோரெட்டா: யாரு?

வெண்டெல்: வீட்டு ஆளு.

லோரெட்டா: என்னவாம்? …வெண்டெல்? கண்ணாடியைக் கழட்டிட்டு எவ்வளவு நேரம் துடைப்பீங்க? ஏதாவது துக்கச் சேதியா?

வெண்டெல்: இல்ல. யாரும் சாகல. நீங்க அந்தப் போனை எடுங்க.

லோரெட்டா: அதான் மாட்டேன்னு சொன்னேனே…

வெண்டெல்: டோபினைத்தான் எடுத்திருக்காங்க.

லோரெட்டா: விளையாடாதீங்க! என் உசிரோட விளையாடாதீங்க. ரேடியோவுலகூட இன்னும் சொல்லல. உங்களுக்கு மட்டும் யாரு வந்து சொன்னா?

வெண்டெல்: என் பையன். மார்ஷல் வெஸ்காட். ‘அப்பா, இடம் டோபினுக்குத்தான். அவங்க அம்மா போனை எடுக்கலைன்னு அவன் இங்க அழுதுகிட்டு நிக்கிறான். உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறது அவங்கதான்னு மைதானத்துல இருந்து பாத்தானாம், சொல்லிடுங்க’ன்னு எழுதியிருக்கான். தன்னைப் பத்தி ஒரு வரிகூட எழுதல… எடுங்க லோரெட்டாம்மா, பிள்ளையைக் காக்க வைக்காதீங்க. நான் கீழ போறேன். என் பையன் மூட்டை முடிச்சோட தனியா வெளிய வருவான்.