மேய்ந்தது அல்ல, மேய்த்தது

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் எழுதியுள்ளபடியே சரி. வயது நாற்பத்து நான்கு. பாடநூல் அச்சிடும் நிறுவனம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், தன் கணவரோடும் ஐந்து வயது மகளோடும் இருக்கிறார். அந்தக் குழந்தையை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். எங்கள் நாய் வாலுவைத் தாக்கியதாக நாத்தனாரின் கணவர் கொடுத்துள்ள புகார் குறித்து விசாரித்ததில், நானே என் கையால் எழுதித் தருவது பின்வருமாறு.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கூடத்தின் நடுவில் குவிந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அவற்றின் இடத்தில் வைத்தது. குவித்தது எங்கள் நாய். என்னுடையது, கணவருடையது, மகள் விட்டுவிட்டுப் போன வார் அறுந்த பழைய செருப்பு என எல்லாவற்றையும் அது வீடு முழுக்கத் தேடி எடுத்துவந்து ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்ளும். செருப்பில் பல் பட்ட அடையாளம் இருக்காது. எச்சில் ஈரம் மட்டும் இருக்கும். மகளின் செருப்பு எப்போதும் எங்கள் இருவருடையதற்கும் நடுவில் இருக்கும்.

இது ஆட்டு மந்தையை ஓட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். மகள் விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து ஆசைப்பட்டு என் கணவர் இதை வாங்கினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்றவர் குட்டியைக் கையில் கொடுக்கும் முன், "வீட்ல தோட்டம் இருக்கா சார்? ஆடு மாடு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆடு மாடெல்லாம் இல்லைங்க. சொந்தக்காரங்கதான் நிறைய இருக்காங்க" என்றார் என் கணவர். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு விற்றவர், "இல்ல சார், இது சும்மா இருக்காது" என்று மறுபடியும் சொன்னார். சுறுசுறுப்பான நாய் என்று புகழ்வதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு குட்டி வளர்ந்தது. நான் சமையலறையிலும் கணவர் தன் அறையிலும் இருந்தால் அதற்கு இருப்புக் கொள்ளாது. ஒருவர் பின்னங்காலை மூக்கால் தள்ளித் தள்ளிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மற்றவரைக் கூட்டிவரப் போகும். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கும். அதனால் என் கணவர் அதற்கு வார்டன் என்று பெயர் வைத்தார். நாங்கள் இருவரும் ஒரே அறையில் உட்காருவது வெகுவாகக் குறைந்திருந்த காலம் அது. வார்டன் வந்த பிறகு தினமும் உட்கார்ந்தோம். பேசிக்கொள்ளாவிட்டாலும் உட்கார்ந்தோம்.

அதன் பிறகு வார்டன் தன் முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டதால் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அந்த அம்மாள் காலைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தூரம் ஓட விடறீங்க?" என்று கேட்டார். காலையும் மாலையும் கட்டடத்தைச் சுற்றிக் கூட்டிப்போகிறோம் என்றேன். "நீங்க சொல்றது உங்க சர்க்கரைக்கு நடக்கிற நடை. இது நாள் முழுக்க மலையில ஓடற ஜாதி. இதுக்கு வியாதி ஒண்ணும் இல்லம்மா, வேலை கிடைக்காம வீட்ல நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். விடிந்ததும் திறந்த மைதானத்தில் ஓட விடுங்கள், பொருளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள், மூளைக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லி, "ஆனா ஆளுங்களைத் துரத்தி விளையாடப் பழக்கிடாதீங்க" என்று கடைசியாகச் சொன்னார். என் கணவர், "டாக்டர், நான் அந்த ஓட்டம் ஓடினா அப்புறம் எனக்குத்தான் டாக்டர் வேணும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் மைதானத்துக்குப் போனோம். மழை வந்ததும் போவது நின்றுவிட்டது. மழை நின்ற பிறகும் நாங்கள் போகவில்லை.

அதற்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே ஒரு விளையாட்டு ஏற்பட்டது. விருந்தாளிகளின் பிள்ளைகளும் வாலுவும் வந்தால், அவர்களை வீடு முழுக்க ஓடச் சொல்லிவிட்டு என் கணவர் "அட்டென்டன்ஸ்!" என்று சத்தம் போடுவார். வார்டன் உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு பாயும். ஒவ்வொரு பிள்ளையாக வளைத்து, பின்தங்குகிறவர்களின் குதிகாலைப் பல் படாமல் வாயால் தொட்டு, எல்லோரையும் சோபா மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கும். நான் "போதும்" என்பேன். அந்தச் சொல்லைச் சொல்வது எப்போதும் நான்தான். அதைக் கேட்டதும் அது உடம்பைத் தளர்த்திக்கொண்டு வாலை ஆட்டும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். என் நாத்தனாரும், "அண்ணி, ஞாயித்துக்கிழமை இதை எங்க வீட்டுக்கு அனுப்புங்க, ஒரு மணி நேரம் நான் நிம்மதியா தூங்குவேன்" என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் வேண்டாம் என்றது இதைத்தான் என்பது அங்கே இருந்த பெரியவர்களில் என்னையும் கணவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சம்பவத்தன்று செருப்புகளை எடுத்துவைத்த பிறகு காபி போட்டேன். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அப்போது வாலு மேலே பார்த்து, "வார்டன்! அட்டென்டன்ஸ்!" என்று கூப்பிட்டது. மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள். வார்டன் பால்கனிக்கும் வாசலுக்குமாக ஓடியது. அதே நேரம் தண்ணீர் கேன் கொண்டுவருபவர் மணியடித்தார். கதவைத் திறந்தது நான். வார்டன் என் காலுக்கும் கதவுக்கும் இடையில் நுழைந்து படிக்கட்டில் இறங்கிவிட்டது. தண்ணீர் கேன்காரர் மீது எந்தத் தவறும் இல்லை. நாயைக் கட்டியிருந்ததாகவும் கயிறு அறுந்துவிட்டதாகவும் என் கணவர் சொல்லியிருப்பதாக அறிகிறேன். கயிறு எதுவும் இல்லை.

அதன் பிறகு நான் கீழே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் எல்லோரும் நிறுத்தியிருந்த இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நெருக்கமாக நின்றிருந்தார்கள். இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாலு அழுதுகொண்டிருந்தது. சோபாவும் பக்கத்தில் நாங்களும் இல்லாத இடத்தில் வாலு இந்த விளையாட்டை விளையாடியதில்லை. வார்டன் அவர்கள் எதிரில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, திரும்பி என்னைப் பார்த்தது. நான் சொல்ல வேண்டிய சொல் அந்த ஒன்றுதான். அது எனக்கு வரவில்லை. நான் அலறினேன். என் அலறலைக் கேட்டு வாலு பயந்து தன் வீட்டு வாசலை நோக்கி ஓடியது. வார்டன் எழுந்து முன்னால் போய் மறித்தது. வாலு விலகி ஓடியது. வார்டன் குதிகாலைப் பிடித்தது. இந்த முறை பல் பட்டது. வாலு முன்புறமாக விழுந்ததில் படியின் விளிம்பு புருவத்தில் இடித்து ரத்தம் வந்தது.

அதன் பிறகு நாத்தனாரின் கணவர் தரை துடைக்கும் கட்டையை எடுத்துவந்து வார்டனை அடித்தார். பெற்ற தகப்பன் செய்ததைத் தவறென்று நான் சொல்லவில்லை. வார்டன் உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை, அந்த இடத்தை விட்டும் போகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என்னையே பார்த்தது. பிள்ளைகளை எல்லாம் சேர்த்தாகிவிட்டது, பிறகு ஏன் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று அதற்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

மருத்துவமனையில் வாலுவுக்குப் புருவத்தின் மேல் தையல் போட்டு, காலுக்கு மருந்து வைத்து, தடுப்பூசி போட்டார்கள். கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார்கள். தாழ்வாரத்தில் என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, வாலுதான் கூப்பிட்டுச்சுன்னு மட்டும் ஸ்டேஷன்ல சொல்லிடாதீங்க. நாளைக்கு வளர்ந்ததும், அந்த நாயைக் கொன்னது நான்தான்னு நினைச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். இப்போது சொல்லிவிட்டேன். புகாருக்குப் பின் வார்டனைக் கொண்டுபோய் அடைத்திருக்கும் மாநகராட்சிக் காப்பகத்தில் விசாரித்தபோது, நாய் தானாக வெறிகொண்டு தாக்கியது என்று முடிவானால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்ததால் சொல்லிவிட்டேன். வாலுவுக்கு இதைப் படிக்கும் வயது வந்தால் ஒன்றை மட்டும் படிக்கட்டும்: கூப்பிட்டது நீதான், ஆனால் அந்தச் சொல்லை உனக்கும் அதற்கும் கற்றுக்கொடுத்தது நாங்கள்.

இந்த வாக்குமூலத்தை முதலில் எழுத்தர்தான் எழுதினார். நாய் குழந்தைகளைத் துரத்திக் கடித்தது என்று எழுதினார். துரத்தவில்லை, மேய்த்தது என்றேன். "மேடம், அப்படி எழுதினா எங்க அய்யா என்னைத்தான் மேய்ச்சுக் கட்டுவாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்துத் திருத்தினார். படித்துக் காட்டச் சொன்னபோது 'குழந்தைகளை மேய்ந்தது' என்று இருந்தது. மேய்ந்தது என்றால் தின்றது என்று பொருள் ஆகிவிடும், ஓர் எழுத்துதான், ந் எடுத்துவிட்டுத் த் போட வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடி, "நீங்களே எழுதிடுங்க மேடம். எனக்கும் வீட்ல ஒரு நாய் இருக்கு" என்று சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார். அதனால்தான் இது என் கையெழுத்தில் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் காப்பகத்துக்குப் போய்வந்தேன். வார்டன் கூண்டுக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கம்பிகளுக்கு வெளியே மூக்கை நீட்டியது. பிறகு எனக்கு இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, நான் வந்த வழியைப் பார்த்தது. வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி சுற்றத் தொடங்கியது. அதற்கு அந்த விளையாட்டு இன்னும் முடியவில்லை. நான் அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் வாலை ஆட்டும் என்று பயந்தேன்.

முன்பு சொன்ன கால்நடை மருத்துவருக்குத் தெரிந்த ஓர் ஆட்டுப்பண்ணை இருக்கிறது. வெறி நாய் என்று முடிவாகாவிட்டால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். "ஆட்டை முதல் தடவை பாத்துப் பயந்தாலும் பயப்படும், அதைச் சொல்ல முடியாது. ஆனா நீங்க போய்ப் பாத்துக்கிட்டு இருக்காதீங்கம்மா. உங்களைப் பாத்தா ஆட்டை விட்டுட்டு உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் பாக்கும்" என்று அவர் சொன்னார்.

என் கணவர் பால்கனிக்குக் கம்பிவலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். மகள் போனில், "நான் லீவுக்கு வர்றவரைக்கும் அதை எங்கயும் அனுப்பிடாதம்மா, நான் தினமும் ஓட வைக்கிறேன்" என்று அழுதாள். இருவரும் அது வீட்டுக்குத் திரும்பும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் முடிவு வார்டனுக்குச் சாதகமாக வந்தால் நான் அதை வீட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு நான் மட்டும் போய் அதைப் பண்ணை வண்டியில் ஏற்றுவேன். கதவை மூடும் முன் அதன் முகத்தைப் பார்த்துப் "போதும்" என்று சொல்வேன். அதன் பிறகு பண்ணைப் பக்கம் போக மாட்டேன். வீட்டுக்கு வந்து, மகளின் பழைய செருப்பை எடுத்து நானே எங்கள் இரண்டு பேருடையதற்கும் நடுவில் வைப்பேன். அதைப் பார்த்து என் கணவர் கேட்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.

மேலே கண்டவை என் கண்ணால் பார்த்ததும் என் கையால் நடந்ததும் ஆகும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. முழுவதும் திரும்பப் படித்துப் பார்த்தேன். நடந்தவற்றில் என்னால் திருத்த முடிந்தது அந்த ஓர் எழுத்து மட்டுமே.

(கையொப்பம்)